அரை மணி நேரத்தில் பிடுங்கிய கம்பி

ஸ்ரீரங்கம்
ஞாயிறு காலை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ரெங்கநாதர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி வீட்டு ரிஃபானா தினமும் வந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். என் வலது கை மட்டும் பழையபடிதான், கோயில் வரிசையில் நின்றாலும் சரி, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, தானாக எதையோ பிடித்துத் திருகுகிறது. நரம்புக் கோளாறு என்று அம்மா மூன்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அது நரம்பு இல்லை கண்ணு. அதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன், போனில் என்றால் எனக்குக் குரல் எழும்பாது.

போன மாதம் உன் ஆராய்ச்சி என்னவென்று கேட்டேன், நீயும் சலிக்காமல் சொன்னாய். உப்புக் கட்டிக்குள் எதிரெதிர் மின்சாரம் ஏறிய துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து வரிசையாக நிற்கின்றன, சூடு ஏற ஏற அவை ஆடுகின்றன, நெருங்குவதைவிட விலகுவது அவற்றுக்குச் சுலபம், அதனால் கட்டி பெரிதாகிறது என்றாய். ஒரு முழ உப்புக் கட்டி நூறு டிகிரி சூடேறினால் ஓர் அரிசி கனம்தான் நீளும், ஆனா உருகுச்சுன்னா நாலுல ஒரு பங்கு பெருத்துடும்ப்பா, இதைப் போய் வருஷக்கணக்கா அளந்துக்கிட்டு இருக்கேன் பாருங்க என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உப்பு வளரும் என்பது உனக்கு முன்பே எனக்குத் தெரியும்.

துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலை பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே இரும்பைக் கடினமாக்க உருக்கிய உப்பில் முக்கி எடுப்போம். இடுப்பு உயரத் தொட்டி, அதில் உப்பு செக்கச்செவேலென்று தண்ணீராக நிற்கும். லீவு விட்டு அணைத்தால் கல்லாக இறுகிவிடும். மறுபடி சூடேற்றும்போது அடியில் இருப்பது முதலில் உருகிப் பெருக்கும், மேலே பாறையாக உப்பு மூடியிருக்கும், பெருத்ததற்குப் போக வழி வேண்டுமே. அதனால் அணைத்ததும் நடுவில் ஒரு கம்பியை அடிவரை ஊன்றி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, சுற்றிலும் இறுகிய பிறகு திருகித் திருகிப் பிடுங்குவோம், ஆழமாக ஒரு துளை நிற்கும். மூச்சுக்கம்பி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். சீக்கிரம் எடுத்தால் அடியில் குழம்பாக இருப்பது சரிந்து மூடிக்கொள்ளும், எடுக்காமல் போய்விட்டால் கம்பி இறுகிப்போய் மறுநாள் வராது. காத்திருப்பதுதான் அதில் வேலையே.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம் போகி அன்று. உனக்கு நாலு வயது, மஞ்சள் பாவாடை கேட்டிருந்தாய். மலைக்கோட்டைக் கடைகளில் கூட்டம் நெரியும், நல்லதெல்லாம் தீர்ந்துவிடும் என்று எனக்குப் பரபரப்பு. அரை மணி நேரத்தில் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். மேலே பார்த்தால் வட்டமாக அழகான துளை. அடியில் அது மூடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஐந்து நாள் கழித்துக் காலை ஷிப்டுக்கு வந்தவன் பெஞ்சமின், என் சோற்றில் பாதியை உரிமையோடு எடுத்துத் தின்கிறவன். துளையைப் பார்த்திருக்கிறான். ஆழம் பார்க்க வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, அழகர்சாமி எடுத்த துளைன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கிறான். மத்தியான ஷிப்டுக்கு நான் கேட்டைத் தாண்டும்போது படபடவென்று கல் உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒரே ஒரு பெரிய சத்தம். உருகிய உப்பு மேல்பாறையைப் பிளந்துகொண்டு அவன்மேல் கொட்டிவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். விசாரணையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் என்றேன். ஆழம் பார்க்காமல் அவசரப்பட்டுச் சூடேற்றியது பெஞ்சமின் தப்பு என்று எழுதி முடித்தார்கள். பாவாடையை நினைத்து நீ மருகாதே, குழந்தை கேட்டது தப்பில்லை, அவசரமும் என்னுடையது, பொய்யும் என்னுடையது.

நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று அம்மா உனக்குச் சுற்றிப் போட்டு உப்பையும் மிளகாயையும் நெருப்பில் கொட்டினாள், அது வெடித்ததும் நான் தெருவுக்கு ஓடிவிட்டேன். அப்பா ஆசீர்வாதம் கூடப் பண்ணலை என்று நீ ஏர்போர்ட்டில் அழுததாக அம்மா சொன்னாள். அந்தச் சத்தத்தில் எனக்கு உன் முகம் தெரியவில்லை கண்ணு, அவன் முகம்தான் தெரிந்தது. இன்றைக்கும் அடுப்பில் கடுகு பொரிந்தால் கூட உடம்பு தூக்கிப்போடுகிறது.

பெஞ்சமின் மனைவி ஞானசுந்தரி பொன்மலையில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நமக்குக் கேக் கொண்டுவருவாள், உங்க நிதானத்துல பாதி அவருக்கு இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாருண்ணே என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள், நான் கேக்கை மென்று விழுங்குவேன். நேற்று அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. உங்க அப்பா மாதிரி அவசரப்படாதடான்னு சொல்லிச் சொல்லித்தானே எம் புள்ளைய வளத்தேன், இனி அவன்கிட்ட என்னன்னு சொல்லுவேன் என்று கேட்டாள். வாசல் வரை வந்து, உங்க பொண்ணு இதைத்தானே படிக்குது, நடந்ததை அது எழுதித் தரட்டும், எம் மகன் படிக்கட்டும், நீங்க இனிமே இங்க வராதீங்கண்ணே என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவிடம் இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சொல்லப்போகிறேன். அவள் போன் செய்து அழுதால் நீதான் தேற்ற வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். அன்றைக்குத் தராமல் ஓடிப்போன ஆசீர்வாதத்தை இப்போது தருகிறேன், நீங்கள் இருவரும் நூறு வயது நிம்மதியாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, உப்பு எப்படிப் பெருக்கிறது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. மேலே துளை தெரிந்தாலும் அடியில் மூடியிருப்பது பார்ப்பவனுக்குத் தெரியாது என்று அதில் கட்டாயம் எழுது. நான் அரை மணியில் பிடுங்கியதையும் பொய் சொன்னதையும் மறைக்காதே, பெஞ்சமின் பெயரை முழுதாக எழுது, கீழே கொஞ்சம் இடம் விடு, நான் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் அந்தக் கதவடியில் வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அரை மணி நேரம் மட்டுமே காத்திருந்த உன் அப்பா,
அழகர்சாமி