அரை மணி நேரத்தில் தண்ணீர்

தண்ணீர் லாரி ஆப்பின் வெப்சைட் வேலை என் கையை விட்டுப் போகிறது. ஒப்படைப்பதற்காக இன்று காலை பழைய டிசைன் ஃபைலைத் திறந்தேன். முகப்பில் இருக்கும் பெரிய வரிக்குப் பக்கத்தில் நீ போட்ட மஞ்சள் குறிப்பு அப்படியே இருக்கிறது. "இதுக்கு யார் பொறுப்பு?" இரண்டு வருடமாக நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் மருந்துக்கடைக்கு மேலே நாம் எடுத்திருந்த அந்த ஒற்றை அறை நினைவிருக்கிறதா? நீ பக்கங்களை வரைவாய், வாசகம் எழுதுவாய். நான் அதை வெப்சைட்டாகக் கட்டுவேன். ஆப் முதலாளி முதல் நாளே ஒரு படத்தோடு வந்தார். ஏதோ வெளிநாட்டுக் குடும்பம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடித்துச் சிரித்தது. "இவங்க எந்த ஏரியா சார்? சேலையூரா?" என்று கேட்டாய். அவர் சிரிக்கவில்லை.

படத்தை மாற்ற ஒப்புக்கொண்டார். வரியை மட்டும் விடவில்லை. 'அரை மணி நேரத்தில் தண்ணீர்.' நீ அதற்குப் பதிலாக, 'லாரி எப்போது வரும் என்பதை உள்ளபடி சொல்வோம்' என்று எழுதியிருந்தாய். அவர் போனபின் நாம் சண்டை போட்டோம்.

"மே மாசத்துல எந்த லாரிடி அரை மணில வருது? நீயே சொல்லு."

"கஸ்டமர் கேக்கறாரு, போட்டுத் தொலையேன். நமக்கென்ன?"

அப்படிச் சொன்னது நான்தான்.

வெப்சைட்டை வெள்ளிக்கிழமையே வெளியிட வேண்டும் என்று அவர் நெருக்கினார். உதவி எண் போடும் இடத்தில் சோதனைக்காக உன் நம்பரை வைத்திருந்தோம். அவசரத்தில் அதை மாற்ற மறந்து ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஊருக்குப் போகக் கூடுவாஞ்சேரியில் நீ ரயில் ஏறியதிலிருந்து உன் போன் ஓயவில்லை. சேலையூரிலிருந்து ஒரு பெண் சொன்னதை நீ அப்படியே என்னிடம் சொன்னாய்: "காலைலேர்ந்து வாசல்ல நிக்கறேன்மா. மாமியாரை ஆப்பரேஷன் முடிஞ்சு கூட்டிகினு வந்திருக்கோம். தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. அரை மணின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?" தப்பு நம்பர் என்று சொல்லி நீ வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தெரிந்த டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒரு லாரியை அனுப்பிவிட்டுத்தான் என்னை அழைத்தாய்.

"என் நம்பர் இருந்துட்டுப் போகட்டும். முதல்ல அந்த வரிய எடு."

நான் நம்பரை எடுத்தேன். வரியை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வந்து திரையைப் பார்த்தாய். "நம்பர் மட்டும் மாத்திட்ட போல" என்றாய். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது அன்றோடு தீர்ந்திருக்கும். அதன்பின் நான் சொன்ன எதற்கும் 'சரி' என்றே சொன்னாய். என்னோடு சண்டை போடுவதை நீ நிறுத்தியது எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று அப்போது புரியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், காய்ச்சல், இரண்டு நாள் லீவு என்று மெசேஜ் போட்டாய். டெங்கு என்று உன் தம்பி சொல்லித்தான் தெரியும். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாரையும் உள்ளே விடவில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அன்று இரவே நீ போய்விட்டாய். பேச வேண்டிய தேவை வரவேயில்லை.

போன வாரம் முதலாளி புது வெப்சைட் கேட்டார். இந்தமுறை இருபது நிமிடமாம். "இதை நான் போட மாட்டேன் சார்" என்றேன். சேலையூர்ப் பெண்ணின் கதையைச் சொன்னேன். அவர் போனைப் பார்த்தபடியே, "எல்லாரும் இப்படித்தாம்மா போடறாங்க. வாட்ச் வெச்சுகினா உக்காந்திருக்காங்க?" என்றார். மறுநாளே வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இருபது நிமிடம் என்ற வரி இன்னும் சில நாளில் ஊருக்கெல்லாம் தெரியும். நான் மறுத்ததால் ஒரு தொட்டியும் நிரம்பப் போவதில்லை.

பெருமையாக ஒன்றும் தோன்றவில்லை. அவர்மேல் கோபம், காய்ச்சலைச் சாதாரணமாகச் சொன்ன உன்மேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல். ஆனாலும் இப்போதெல்லாம் முடியாது என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் குரல் நடுங்குகிறது. உனக்கு நடுங்கியதே இல்லை. இல்லை, நடுங்கியிருக்குமோ? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை.