வழி கேட்காமல் வந்தவர்கள்

அக்டோபர் 14, செவ்வாய்.

கரியாலூர் மலை மரத்தில் அந்த அரிய ஆர்க்கிட் செடி ஒன்றுகூட இல்லை. வேரோடு சுரண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"வந்தவங்க யாரையும் வழி கேக்கலீங்க. போனைப் பாத்துக்கினே நேரா மரத்தாண்ட வந்துட்டாங்க" என்றார் சடையன் அண்ணன். அந்தச் செடியை எனக்கு முதலில் காட்டிய ஊர்க்காரரே அவர்தான். சொல்லும்போது என் கையிலிருந்த போனையே பார்த்தார்.

எங்கள் தாவரத் தரவுத்தளத்தில் கரியாலூர் என்று மட்டும் வெளியே தெரியும்படி பதிந்து, மரம் நிற்கும் சரியான இடத்தை மறைத்துத்தான் வைத்திருந்தேன். துல்லியம் இல்லாத பதிவு குப்பை என்று போன மாதம் எங்கள் ஆய்வு மைய இயக்குநர்தான் அந்த இடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். நாசமாய்ப் போகிற துல்லியம்!

மலையிலிருந்து இறங்கியதும் போனில் அவரிடம் கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்ப இன்னிக்கே அந்தப் பதிவுல 'தற்போது இல்லை'ன்னு மாத்திடுங்க. தகவல் தப்பா இருக்கக் கூடாது, பாருங்க."