வாளிக்குள் உருவான தலைகள்

3 அக்டோபர் 1943

கிடைத்துவிட்டது! நேற்றைய மழைக்குப் பின்கட்டுச் சாக்கடையோரம் தேரை முட்டையிட்டிருக்கிறது. நீளமான ஜவ்வுச் சரம், உள்ளே கறுப்புக் கறுப்பாய் மணிகள். வாளியில் அள்ளி வந்தபோது பக்கத்து வீட்டு நூர் பீவி அக்கா பார்த்துவிட்டார். அரிசிப் பஞ்சத்தில் இதையும் சமைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார் போல. மரவள்ளிக்கிழங்கு வேண்டுமானால் தருகிறேன், அதைக் கொட்டிவிடு என்றார், மிகுந்த இரக்கத்தோடு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஜப்பான்காரன் வந்து சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி மூடியதிலிருந்து கிழங்கு சீவுவதுதான் என் படிப்பு. இன்று மறுபடியும் மாணவி: முட்டைக்குள் உரு வளர்வதைப் பார்க்கப் போகிறேன்.

எல்லாம் என் கூடப்பிறந்த அக்காவுக்காக என்றால் பாதிப் பொய். ஆனால் பாதி மெய். புஷ்பா அக்காவுக்கு இது நான்காம் மாதம். சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வருவதில்லை, கத்தியைத் தொடுவதில்லை. சண்டை வந்த சமயத்தில் பிறந்த முதல் பிள்ளைக்கு மண்டையின் மேல்பாகமே இல்லை. ஒரு பகல்தான் இருந்தான். அதற்கு முன் வந்த கிரகணத்தன்று அக்கா கத்தரிக்காய் நறுக்கினாளாம். யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். அவனைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கிடையாது.

4 அக்டோபர்

எல்லாம் போச்சு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தேரையா என்று அம்மா, தோஷம் போக, வாளி நிறைய மஞ்சளைக் கரைத்துவிட்டாள். முட்டையெல்லாம் செத்துப்போச்சு. “அம்மா, நீ குழம்பு வச்சிட்ட”ன்னு நான் கத்துறேன், அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். அழுகையோ என்று ஓடினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதம் ஆயிற்று! போகட்டும், மஞ்சளுக்கு நன்றி.

9 அக்டோபர்

மழை இல்லை. தேரைகளுக்கும் ரேஷனா?

12 அக்டோபர்

மழை! புதுச் சரம்! இந்த முறை வாளி என் கட்டிலுக்கடியில்.

13 அக்டோபர்

அவசரத்தில் எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

அக்கா வீட்டுக்காரர் சின்னையா அத்தான் கடிகாரம் பழுதுபார்க்கக் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியை வாங்கி வந்தேன். ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிய கண்ணாடி. தேரைக்கு எந்த நேரமும் தெரியாது, அது பாட்டுக்கு வளர்கிறது.

நேற்று உருண்டை. இன்று அதன் முதுகில் ஒரு தட்டைப் பாளம், செருப்பின் அடிப்பாக வடிவத்தில். முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஓரமும் மெல்ல எழும்பி, கறிபாப் பலகாரத்தின் ஓரத்தை மடித்து ஒட்டுவது போல நடுவில் சேர்ந்து குழாயாகிறது. அகலமான முன்பக்கம் மூளை. ஒடுங்கிய பின்பக்கம் தண்டுவடம். எல்லாம் ஒரே பாளம்தானே, நீ மூளை, நீ தண்டுவடம் என்று யார் பிரித்துக் கொடுத்தது? அடியில் இருக்கும் படலம்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். முன்பக்கத்துக்கு அது ஒன்று சொல்கிறது, பின்பக்கத்துக்கு வேறு. வாய் இல்லாமல் சொல்கிறது, காது இல்லாமல் இது கேட்கிறது! வீட்டில் நான் நாலு தரம் சொன்னாலும் ஒருவர் கேட்பதில்லை.

14 அக்டோபர்

முன்பக்கக் குழாய் மூன்று இடத்தில் புடைத்திருக்கிறது. முன்மூளை, நடுமூளை, பின்மூளை! முன்மூளையின் இரு பக்கத்திலும் குட்டிக் குட்டியாய்ப் பிதுக்கம் — அதுதான் கண்ணாகப் போகிறது. கட்டிலைச் சுற்றி ஆடினேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பார்த்திருக்கிறாள். கதவருகே அக்கா. என்ன கூத்து இது என்று தானாக வந்து பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். மனிதப் பிள்ளைக்கும் இப்படித்தான், முதல் மாதத்திலேயே தலைக்கும் முதுகுக்கும் இடம் பிரிந்து குழாய் மூடிவிடும், தாய்க்கு நாள் தள்ளியது தெரிவதற்குள் முடிந்துவிடும் என்றேன். அக்கா விரலை மடக்கி மாதம் எண்ணினாள். கிரகணம் வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம்; மண்டை மூடாமல் போனது அதற்கு நாலு மாதம் முன்பே.

வாளியில் ஒன்று மட்டும் சரியில்லை. முன்பக்கம் மூடாமல் திறந்தபடி நிற்கிறது. அதை ஒதுக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள்.

“எல்லாம் ஒரே தாய் போட்ட முட்டைதானே?”

“ஆமா. ஒரே சரம், ஒரே தண்ணி.”

“அந்தத் தாய் என்ன பாவம் பண்ணிச்சு, சந்திரி?”

ஏன் ஒன்று மட்டும் மூடவில்லை என்று படித்தவர்களுக்கும் தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

15 அக்டோபர்

அக்கா இரண்டு தட்டு கிழங்கு சாப்பிட்டாள். பிறகு, நான் கேட்காமலே, “அவனுக்கு விரலெல்லாம் நீளம் நீளமா இருந்துச்சு. அத்தான் கை மாதிரி”. அவ்வளவுதான் சொன்னாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

20 அக்டோபர்

தலைப்பிரட்டைகள் கட்டிலுக்கடியில் அமர்க்களம். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். எல்லாரையும் சாக்கடையில் விட்டேன், ஒரு ஊர்வலமே போனது.

17 மார்ச் 1944

பெண் குழந்தை. நல்ல கனம், நல்ல தொண்டை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

வலி எடுத்தபோது மருத்துவச்சி ஹாஜரா உள்ளே வந்ததும், இதுதான் முதல் பிரசவமா என்று கேட்டார். ஆமாம் என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டே தலையசைத்தாள். “இல்ல. இது ரெண்டாவது. மூத்தவன் பையன்.”