தடுமன் பிடித்த நாளின் காற்று

இன்று காலை பட்டறைக்கு ஒரு வாடகைப் பம்பு வந்திறங்கியது. கடலுக்கடியில் வேலை செய்பவனுக்குக் காற்று அனுப்புகிற, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த அதே மாதிரிப் பம்பு. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாசரை எடுத்து மூக்கருகே வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் வாடை இல்லை, தோல் வாடை இல்லை, என் கை வியர்வைகூட இல்லை. இரண்டு நாளாக எனக்குத் தடுமன், மூக்கு அடைத்துக் கிடக்கிறது. வாசரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். உன் நினைப்பு வந்துவிட்டது.

மூக்கன் என்று எனக்குப் பேர் வைத்தவன் நீ. இப்போது துறைமுகத்தில் என் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. கடலில் கால் நனைக்கவே பயந்த உடன்குடிக்காரன் நான். நீயோ மணப்பாட்டில் சங்கு குளித்தே வளர்ந்தவன். முங்குகிறவன் தலையை முழுசாக மூடுகிற அந்தச் செம்புத் தொப்பியை முதன்முதலில் உனக்கு மாட்டிவிட்டபோது நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. “மூச்சப் புடிச்சிக்கிட்டு முங்குனப்ப என் உசுரு என் நெஞ்சுல இருந்துச்சி. இனி அது உன் மூக்குலல்லா இருக்கு!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு அதில் பெருமை வேறு.

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஆட்கள் சக்கரம் சுற்றுவார்கள். நான் ரப்பர் குழாயின் நுனியை முகத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நூறு சுற்று முடியும் வரை அந்தக் காற்றையே இழுப்பேன். பிறகு குழாயைத் தொப்பியில் முடுக்குவேன். “மூக்கா, காத்து என்ன சொல்லுது?” என்று நீ கேட்பாய். “நல்லாருக்குலே” என்று நான் சொன்ன பிறகுதான் முகக்கண்ணாடியை மூடவிடுவாய். அது இல்லாமல் ஒரு நாளும் நீ இறங்கியதில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் நம் பம்பு உடைந்தது. உதிரிச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற கால்வாயில் மூழ்கிக் கிடந்த தோணியை அப்புறப்படுத்தியாக வேண்டும் என்பதால் எங்கிருந்தோ ஒரு பம்பை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு யார் கையில் இருந்தது, எதைப் போட்டுத் துடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வருகிற பம்பை முழுசாகப் பிரித்து, வாசரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, அதன் பிறகே பூட்ட வேண்டும். மூச்சுப் போகிற வழியில் மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் ஆகவே ஆகாது. இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அவசரம். மேலாகத் துடைத்தேன், மோந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மோந்து பார்க்க அன்றைக்கும் என்னிடம் மூக்கு எங்கே இருந்தது?

நூறு சுற்றும் குழாயை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன், கோயிலில் நிற்கிற மாதிரி. ஒரு வாடையும் ஏறவில்லை. நீ உற்றுப் பார்த்தாய். “ஏலே, கொரலு ஒரு மாதிரி இருக்கே, தடுமனா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. காத்து நல்லாருக்குலே.”

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என்னை மிரட்டவில்லை. சக்கரம் சுற்றுகிறவனைக் கூப்பிட்டு, “நீ ஒரு தடவை மோந்து பாரு” என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் மூக்கனுக்கு மூக்கு இல்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்பது பாகம், ஐம்பது அடிக்கு மேல் ஆழம். வெயிலிலும் வேகத்திலும் பம்பு சூடேறியது. கொஞ்ச நேரத்தில் உன் இடுப்பில் கட்டிய கயிறு தாறுமாறாக இழுபட்டது. மேலே தூக்கித் தொப்பியைக் கழற்றினால் உன் முகம் சாம்பலாக இருந்தது. “சேசுவே” என்று முனகினாய், வாந்தி எடுத்தாய், அப்புறம் இருமத் தொடங்கினாய். பம்பைப் பிரித்துப் பார்த்தோம். வாசர் முழுக்க மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் ஊறிக் கிடந்தது. சக்கரக்காரன் எட்ட நின்றே மூக்கைப் பொத்தினான்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “இறங்கினதுமே லேசா வாடை அடிச்சிது. நீ நல்லாருக்குன்னு சொன்னேல்லா, அதான் ரப்பர் வாடையா இருக்கும்னு நெனச்சேன்.” குத்திக் காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாய். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இருமல் உன்னை விடவே இல்லை. தொப்பியை இனித் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கு குவித்து வைக்கிற கிட்டங்கியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துவந்த சங்கைத் தரம் பிரித்தாய். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கூப்பிடுவாய், டீ வாங்கித் தருவாய். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்படியே வருஷங்கள் போயின.

போன மார்கழியில் நீ படுக்கையில் கிடந்தபோதும் சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுக்காரி கஷாயம் கொண்டுவந்தாள். நீ முகத்தைச் சுளித்தாய். “ஏளா, அதை மூக்கன்ட்ட குடு. அவன் மோந்து சொன்னாத்தான் குடிப்பேன்” என்றாய். அவள் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். வாங்கி மோந்தேன். சுக்கும் மிளகும் நன்றாகத் தெரிந்தது. “நல்லாருக்குலே” என்றேன். ஒரே மடக்கில் குடித்தாய். சேர்த்துவைத்த வார்த்தையை அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் உன்னைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

இன்று காலை வந்த பம்புக்காக ஒரு காயல்பட்டினத்துப் பையன் காத்திருந்தான். அவன்தான் இறங்க வேண்டியவன். கடலடிக் குளிருக்குக் கம்பளி உடுப்பைப் போட்டுத் தயாராக இருந்தான். கூடவே தோணி முதலாளி. நான் எழுந்து போய்ச் சொன்னேன்: “தம்பி, எனக்குத் தடுமன். வாடை தெரியல. இதைப் பிரிச்சு அலசிக் காயப்போட்டு, வேற ஆளு மோந்து பாக்கணும். இன்னைக்கு இறங்காத.”

முதலாளி குதித்தார். “ஒரு தடுமனுக்காவே வேலைய நிறுத்துதீரு?”

அந்தப் பையன் என்னை ஒரு தடவை பார்த்தான். “அப்ப சரி அண்ணாச்சி, நாளைக்குப் பாப்போம்” என்றான். கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடியே டீக்கடைப் பக்கம் நடந்து போனான்.

அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், நீயும் அப்படித்தான் போயிருப்பாய்.