கோழி தின்ற ஓட்டு

ஸ்டோன்ஃபோல்டு, மாசசூசெட்ஸ்
1775 ஜூன், முதல் வாரம்

என் செல்ல மகள் பேஷன்ஸுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் பசுவும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மழை வருவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க வேண்டுமென்று தினம் வேண்டிக்கொள்கிறேன். உனக்குப் பொறுமை என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தோம், பெயருக்கும் உனக்கும் காத தூரம், இத்தனை நாளாகக் கடிதம் இல்லையே என்று நீ வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா. பாஸ்டன் துறைமுகம் பூட்டிக் கிடக்கிறது, நான் எந்தக் கப்பலைத் தேடுவேன். இதைக் கொண்டுவருகிறவர் மீன் பிடிக்கிற மனிதர், நல்லவர், வந்தால் சூடாக ஏதாவது கொடு, மாப்பிள்ளை சுட்ட ரொட்டியைக் கொடுத்துவிடாதே, மனிதருக்குப் பல் குறைவு. மாப்பிள்ளை ராஜாவின் பட்டாளத்துக்கு ரொட்டி சுடுகிறார் என்று உன் அப்பா ஊரில் மூச்சு விடுவதில்லை, யாராவது கேட்டால் மாவு வியாபாரம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவள். அப்பா நாளைக் காலையில் ஊர்ப்படையோடு கேம்பிரிட்ஜ் முகாமுக்குப் புறப்படுகிறார். கேப்டனாகத்தான் போகிறார். போன இலையுதிர் காலத்தில் கேப்டன் பதவி போய்விட்டது என்று எழுதியிருந்தீர்களே என்று நீ கேட்பாய். போனது எப்படி என்பதை அப்போது நான் முழுதாக எழுதவில்லை, அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போடப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

ராஜாவின் கவர்னர் கொடுத்த பதவியை எல்லா அதிகாரிகளும் விட்டுவிட வேண்டும், ஊர்ப்படை ஆட்களே தங்கள் கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லா ஊரிலும் முடிவானதல்லவா. உன் அப்பா ராஜினாமாவை எவ்வளவு கம்பீரமாகக் கொடுத்தார் தெரியுமா, பதவி மறுநாளே திரும்பி வந்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை. கேப்டன் என்றால் கவாத்துப் பயிற்சி நாளில் ஆட்களுக்கு ரம் வாங்கி ஊற்ற வேண்டும், அதுதான் உலக வழக்கம். இவர் இத்தனை வருஷமாக ஊற்றியது என் மோர். அதுவும் ஒரு பிரசங்கத்துக்குப் பிறகு. பீப்பாய் செய்கிற சைலஸ் ஃபென் உனக்கு ஞாபகம் இருக்கும், இடதுகால் என்றால் வலதுகாலை வைப்பானே, அவன் உன் அப்பாவைப் பற்றி எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னான், "வீலாக்குக்கு நான் ஒரு அவரைக்கொட்டைதான் போட முடியும்னு சட்டம், இல்லாட்டி ஒரு சாக்கு போட்டிருப்பேன்" என்று. நம் ஊரில் இன்னும் பாட்டன் காலத்து முறைதானே. ஆளுக்கு ஒரு சோளமணி, ஒரு அவரைக்கொட்டை. வேண்டும் என்றால் சோளத்தைத் தொப்பியில் போட வேண்டும், வேண்டாம் என்றால் அவரையை. கையில் மிஞ்சியதை யாருக்கும் காட்டாமல் வாசலில் இருக்கும் சாக்கில் போட்டுவிட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் காகிதத்துக்கு மாறிவிட்டார்கள், நாங்கள் மாறவில்லை, எங்கள் ஊரில் பாதிப்பேருக்குக் காகிதத்தில் கிறுக்கத்தான் தெரியும்.

அன்று மழை, அதனால் தேர்தல் நம் தொழுவத்தில் நடந்தது. தொப்பியைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு யார் எண்ணுவது என்று வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து நம் செவலைக் கோழி, ஜெசபெல் என்று நீ பெயர் வைத்தாயே அதுதான், பீப்பாய் மேலே ஏறித் தொப்பிக்குள் தலையை விட்டுவிட்டது. கோழி சோளத்தைத் தின்னும், காய்ந்த அவரையைத் தொடாது, இது ஊருக்கே தெரியும். விரட்டிவிட்டு எண்ணினால் அவரைதான் அதிகம். பிறகு தோல் பதனிடுகிற லெமுவேல் பிராட்டின் பெயருக்குத் தொப்பி சுற்றியது, சோளமாய்க் கொட்டியது, அவன் கேப்டனானான். உன் அப்பா இன்றுவரை கோழிதான் தன்னைத் தோற்கடித்தது என்கிறார். நம் ஆண்களுக்கு மீசை கிடையாது, இருந்திருந்தால் அதில் மண் ஒட்டவில்லை என்றும் சொல்லியிருப்பார். நான் பார்த்தவரையில் அந்தக் கோழி நாலைந்து மணி தின்றிருந்தால் அதிகம், தோற்றதோ அதைவிட நிறைய ஓட்டில். ஆனால் ஊரில் ஒருத்தர் மறுத்துப் பேசவில்லை. "ஆமாங்க கேப்டன், கோழிதான்" என்று ஃபென்கூட முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு சொன்னான். அவருக்கு அந்தக் கோழியைக் குழம்பு வைக்கவேண்டும் என்று ஆத்திரம், நான் விடவில்லை, கோழி செத்தால் உங்கள் சாட்சியும் செத்துப்போகும் என்றேன், யோசித்துப் பார்த்துவிட்டு அதற்குத் தினமும் தீனி வைக்க ஆரம்பித்தார்.

குளிர்காலம் முழுக்க அந்த மனிதரோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கவாத்துக்குப் போகமாட்டேன் என்று வீம்பு. ஆனால் சபைக்கூடத்துத் திடலில் முரசு கேட்டால் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். எங்கள் வீட்டுக் கண்ணாடி இந்த வருஷம்போல என்றைக்கும் பளபளத்ததில்லை. "பிராட்டுக்குக் குரலே இல்ல, கொசு பேசுறாப்ல இருக்கு, அவன் திரும்புன்னா யாருக்குக் கேக்கும்" என்பார். பிறகு தொழுவத்துக்குப் போய்ப் பசுவைப் பார்த்துத் தோளில் ஏற்று, குறி பார் என்று கத்துவார், அது பால் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம். பிராட் பதனிட்ட தோலில் செய்த பூட்ஸைத் தொடமாட்டேன் என்று சபதம் வேறு, பனியில் பழைய செருப்புக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு சபைக்கு வந்தார். போதகர் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தபோது அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. சிரிக்காதே, பிடிவாதத்தில் நீ அவருடைய மகள்தான்.

ஏப்ரலில் நடந்தது உங்கள் ஊருக்கும் எட்டியிருக்கும், எந்தப் பக்கத்துக் கதையாக எட்டியதோ தெரியவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் குதிரையில் ஒருவன் வந்தான், மணி அடித்தது, ராஜாவின் பட்டாளம் கான்கார்டுக்குப் போகிறது என்றார்கள். மகளே, நான் உண்மையைச் சொல்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய வீம்பு இன்னும் ஒரு நாள் நீடிக்க வேண்டுமே என்று கர்த்தரிடம் கெஞ்சினேன். அறுபதைத் தொடப்போகிற மனிதர், அந்த முழங்கால் வேறு, போகாவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த பிராட்டின் பூட்ஸை எடுத்துத் தூசி தட்டிக் காலில் மாட்டினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வெடிமருந்துக் கொம்பை எடுத்துக் கொடுத்தேன்.

திடல்வரைக்கும் கூடப் போனேன். பிராட் வரிசை நிற்கச் சொல்கிறான், அந்தக் கூச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, நீங்க முன்னாடி வந்திருங்க" என்றான். இவர் தொப்பியைக் கழற்றினார். "நீதான் கேப்டன். நான் எங்க நிக்கணும்னு சொல்லு" என்றார். கடைசி வரிசையில் ஃபென்னுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தான். பிராட் முன்னாலிருந்து முணுமுணுத்ததை உன் அப்பா பின்னாலிருந்து முழக்கினார், அப்படியே படை நகர்ந்தது. போகிறபோது "சைலஸ், எடது காலு" என்று அவர் சொன்னதும் "மோர் குடிச்ச காலுங்க, அப்படித்தான் போவும்" என்று ஃபென் சொன்னதும் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

அதுதான் நாங்கள் ஃபென் பேசிக் கேட்ட கடைசிப் பேச்சு. நம் ஆட்கள் கல்சுவருக்குப் பின்னாலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்களாம், ராஜாவின் பட்டாளத்தில் சிலர் பக்கவாட்டில் சுற்றி வந்துவிட்டார்களாம். மற்ற எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவனை வண்டியில் கொண்டுவந்தார்கள். ஃபென் வீட்டுக்குள் போய்ச் சொல்ல வேண்டியது கேப்டன், ஆனால் பிராட் அந்த வீட்டு வேலிப்படலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டான், அவனால் எழுந்திருக்க முடியவில்லை. உன் அப்பாதான் போய்க் கதவைத் தட்டி ஃபென்னின் மனைவி டார்கஸிடம் சொன்னார். வெளியே வந்தபோது அவர் நடை எனக்குப் பழக்கமில்லாத நடையாக இருந்தது. வீட்டில் சோளக்கூழை முன்னால் வைத்தேன், கரண்டியைத் தொடவில்லை. "மெஹிட்டபெல், கேப்டன்னா முன்னாடி நடக்கிறதுன்னு நெனச்சேன், கடைசியில கதவு தட்டுறதுதான் வேலை" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு கோழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னலும் அழுக்காகிவிட்டது. எனக்கு அந்த வீம்புக்காரரே தேவலாம் என்று இருந்தது.

மே மாதம் பிராட் தானாகவே பதவியை விட்டுவிட்டான். மறுபடி தொழுவம், மறுபடி தொப்பி, இந்தத் தடவை ஜெசபெல்லைக் கூடையால் கவிழ்த்து மூடி அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா பெயருக்கு மட்டும்தான் தொப்பி சுற்றியது, வேறு பெயரை யாரும் எடுக்கவில்லை. கொட்டிப் பார்த்தால் எல்லாம் மஞ்சள் சோளம், நடுவில் ஒரே ஒரு அவரை. சைலஸ் ஃபென் இருந்திருந்தால் அவன்தான் என்று எல்லோரும் சிரித்திருப்போம். யாரும் சிரிக்கவில்லை. யார் போட்டிருப்பார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிராட்டை எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்கள். "நான் போடலைங்க, எம்பிள்ளைங்க மேல ஆணை" என்று பாவம் அவன் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை, அன்று பெரிய வட்டமாகச் சுட்டுப் பரிமாறின ஆப்பிள் பணியாரத்தில் அவனுக்கு மட்டும் ஓரத்துண்டாகப் பார்த்து வைத்தேன். உன் அப்பா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி, நான் இருக்கிறேன் என்றார்.

நேற்று வழிக்கு வேண்டியதைத் தயார்செய்யும்போது அவருடைய பழுப்புக் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க எடுத்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு சோளமணி. ஓட்டுப் போட்டபின் கையில் மிஞ்சியதைச் சாக்கில் போடவேண்டும் என்றேனே, இவர் போடவில்லை, சோளம் மிஞ்சியிருப்பதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பையில் ஒளித்துவிட்டு மறந்தும் போயிருக்கிறார். அந்த ஒற்றை அவரை யாருடையது என்று புரிந்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, ஊரே வேண்டும் என்கிறபோது தன்னை வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு மனிதரால்தான் முடியும். பிறகு அந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பிராட்டுக்கு ஒரு முழுப் பணியாரம் செய்து அனுப்பினேன், எதற்கென்று தெரியாமல் அவன் இன்னும் குழம்பிக்கொண்டிருப்பான்.

அந்தத் தொப்பிக்குள் கைவிடப் பெண்களாகிய எங்களை யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் ஏப்ரலில் நான் கைநிறைய அவரையைப் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை யாரோ ஒருவர் நடத்திக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், கதவைத் தட்டப் பயப்படுகிற ஒருவர் நடத்தட்டும். அதனால் அந்தச் சோளமணியை அதே பையில் திரும்பப் போட்டு, பையின் வாயை மூடித் தைத்துவிட்டேன். நாளை நடுவழியில் புகையிலைக் குழாய்க்குக் கைவிட்டுப் பார்ப்பார், விரல் போகாது, தடவிப் பார்ப்பார், யார் போட்ட ஓட்டு என்று அவருக்குத் தெரியும்.

குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், ஈறில் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டுத் தடவு, அழுகிறதென்று தூக்கியே வைத்திருக்காதே. கடல்காற்றில் தலைக்குக் குளித்துவிட்டு நிற்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம்முடைய சிறகின்கீழ் காப்பாராக, உன் வீட்டில் மாவும் உன் மனதில் சமாதானமும் குறையாதிருப்பதாக. அப்பாவுக்காக நீ ஜெபம் செய், சத்தமாக வேண்டாம், உங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ எவரோ. மாப்பிள்ளையிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், அவர் தொழில் அவருக்கு. அவருடைய ரொட்டி கல்லாக இருக்கிறது என்று நான் இத்தனை நாள் கேலி செய்ததை மனதில் வைத்துக்கொண்டு பக்குவத்தை மாற்றிவிட வேண்டாம் என்று மட்டும் மறக்காமல் சொல். அப்படியே சுடட்டும், இன்னும் கொஞ்சம் கெட்டியாகவே சுடட்டும். அதைத் தின்றுவிட்டு வருகிறவர்கள் மெதுவாக நடக்கட்டும், உன் அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மெஹிட்டபெல் வீலாக்