ரேடியோவில் புருவம் தெரியாது

டிசம்பர் 3

இன்று விமானம் இரண்டு முறை வந்தது. தபால் மூட்டை ஒன்பது, பள்ளிக்கூடத்துக்குப் பால் பெட்டிகள், யாரோ வரவழைத்த ஒரு சோபா. சோபா! அதைப் பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்து வருவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. விமானத்துக்கு ஊர்ப் பொறுப்பாளி நான் என்றால் ஊர்ச் சுமை முழுக்க என் தலையில்தானா?

நீல்ஸ்தான் ஓட்டி வந்தான். இறங்குவதற்கு முன் ரேடியோவில், ஓடுதளத்தில் பனி தள்ளியாகிவிட்டதா என்று கேட்டான். நான் புருவத்தைத் தூக்கினேன். தூக்கிவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, இவன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்று காத்திருக்கிறேன்! இறங்கி வந்தவன் கதவைத் திறந்ததும் கேலியை ஆரம்பித்தான்.

"மாவ்ராம்மா, ரேடியோல புருவம் தெரியாது. வாயத் தொறந்து சொல்லணும்."

"உன் தாடிக்குள்ள வாய் எங்க இருக்குன்னே தெரியல. நீ வந்துட்டியா எனக்குச் சொல்ல."

ஐம்பத்து நாலு வருஷமாக எனக்கு ஆமாம் என்றால் புருவம், இல்லை என்றால் மூக்குச் சுருக்கம். நம்ம யூப்பிக் ஜனம் எல்லாருக்கும் அப்படித்தான். இவன் மினசோட்டாவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது, இவனும் பழகிவிட்டான். காப்பி வேணுமா என்றேன். புருவத்தைத் தூக்கினான். அதிலிருந்து பனித்தூள் கொட்டியது. சிரித்துவிட்டேன்.

டிசம்பர் 6

மகள் அகாஃபியா ஃபோன் பண்ணினாள். பெத்தெல் டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானாம். பிறந்து எட்டு நாள். என் முதல் பேரன், இன்னும் முகம் பார்க்கவில்லை. மருமகன் வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை, அவனும் பார்க்கவில்லை.

பெயர் இன்னும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான். எங்கள் வழக்கப்படி, இறந்துபோனவர் ஒருவர் பிள்ளையின் பெயரில் திரும்பி வர வேண்டும் அல்லவா. எவான் இன்று சாப்பிடும்போது சொன்னான், இந்த வருஷம் ஊரில் ஒரு சாவுகூட இல்லையே, பிள்ளைக்கு யார் பெயரை வைப்பது என்று. என் கணவனுக்கு இப்படியும் ஒரு கவலை. நல்ல வருஷம், பெயருக்குத்தான் பஞ்சம் என்றேன்.

என்ன வாய் இது எனக்கு.

டிசம்பர் 9

மூடுபனி. விமானம் இல்லை.

டிசம்பர் 10

இன்றும் இல்லை. பெத்தெலில் உட்கார்ந்து அகாஃபியா அழுகிறாளாம். நாளைக்கு எப்படியும் கூட்டி வருவேன் என்று நீல்ஸ் சொன்னானாம். மூஸ் மான் இறைச்சியை வெளியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். காலையில் சூப்.

டிசம்பர் 11

காலை பத்து மணி. பெத்தெலில் வானம் தெளிந்துவிட்டது, பதினொன்றரைக்குக் கிளம்புகிறார்கள். நீல்ஸ், அகாஃபியா, பிள்ளை, அவ்வளவுதான் ஆட்கள். மீதி எல்லாம் தபால். சூப் அடுப்பில்.

சாயங்காலம் ஐந்து. வரவில்லை. எங்கும் இறங்கவில்லை. ஊரில் பனிவண்டி உள்ள எல்லாரும் போயிருக்கிறார்கள். எவானும்.

டிசம்பர் 12

கண்டுபிடித்துவிட்டார்கள். அகாஃபியா உயிரோடு இருக்கிறாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான். நீல்ஸ் இல்லை.

டிசம்பர் 13

எவான் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் நம்ப முடியும்போல இருக்கிறது.

அறுபது வண்டிகள். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். விமானம் ஓடுதளத்துக்கு வருகிற வழியிலேயே நம்ம பக்கத்துப் பனிவெளி முழுக்கத் தேடினார்களாம். ஒன்றுமில்லை. விடிந்த பிறகுதான் பெத்தெல் பக்கம் போனார்கள். அங்கே ஒவ்வொரு புல்லும், ஒவ்வொரு குச்சியும் பனிக்கட்டிக்குள். தூறல் விழுந்து விழுந்து அப்படியே உறைந்திருக்கிறது. வண்டி போகப் போகக் கண்ணாடி உடைகிற சத்தம். இவ்வளவு அழகான இடத்தில் போய் இப்படியா என்று எவான் நினைத்தானாம். நினைத்ததற்கு வெட்கப்பட்டானாம்.

விமானத்தின் றெக்கையில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பனிக்கட்டி. இடது பக்கம் முழுக்க ஆற்றங்கரை மேட்டில் நசுங்கிக் கிடந்தது. நீல்ஸ் இருந்த பக்கம். வலது பக்கத்து இருக்கை அப்படியே இருந்தது. அவன் வேண்டுமென்றே அந்தப் பக்கத்தைக் கொடுத்தானா, தானாக அப்படி விழுந்ததா? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும்.

அகாஃபியாவுக்குத் தாடை உடைந்திருக்கிறது, கால் உடைந்திருக்கிறது. பிள்ளை அவள் பார்கா கோட்டுக்குள், வெறும் மார்போடு மார்பாக. இருபது மணி நேரம். எவான் கழுத்துப் பக்கம் விலக்கிப் பார்த்தானாம். பிள்ளை கண்ணைத் திறந்து, என்ன தாத்தா இவ்வளவு நேரம் என்கிற மாதிரி பார்த்ததாம். பதினாலு நாள் பிள்ளை. அந்தக் குளிரில். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதைச் சொல்லும்போது எவான் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்னொன்றும் சொன்னான். விமானத்தின் மூக்கு பெத்தெல் பக்கம் திரும்பியிருந்ததாம். அவன் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். ஏன்?

டிசம்பர் 14

ஆங்கரேஜ் பெரிய ஆஸ்பத்திரி. மகளைப் பார்த்தேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. பிள்ளையைக் கையில் வாங்கினேன். கனமாக இருக்கிறான்.

இதை எழுதியே ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்கு நீல்ஸ் ரேடியோவில் கூப்பிட்டான். "மாவ்ராம்மா, அங்க தூறல் இருக்கா?" நான் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றேன். துணி காயப்போடும் கம்பியில் கட்டி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன்! மைக் கையில் இருந்தது. புருவத்தைத் தூக்கினேன், அது ஞாபகம் இருக்கு. வாயத் தொறந்தேனா? ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் என் குரல் எனக்குக் கேக்கல.

பழக்கதோஷமா, இல்ல வேற ஏதாவதா? இருக்குன்னு சொன்னா அவன் திரும்பிப் போயிடுவான். பிள்ளை இன்னிக்கும் வராது. அந்த ஆசைதான் என் வாய அடைச்சுதா?

டிசம்பர் 18

விபத்தை விசாரிக்கிற அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். மரியாதையான மனிதர், சின்னக் குறிப்பேடு. தூறல் இருப்பதை விமானியிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

சொன்னேன் என்றேன்.

இதற்கு மட்டும் வாய் திறந்தது பார்.

டிசம்பர் 19

அகாஃபியா விமானத்தில் நீல்ஸுக்குப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். காதில் ஹெட்போன் போட்டிருப்பாள், எப்போதும் போடுவாள். அவளுக்குத் தெரியும். கேட்டால் தாளில் எழுதிக் காட்டிவிடுவாள். கேட்கவில்லை.

டிசம்பர் 22

கேட்கவில்லை.

டிசம்பர் 25

நீல்ஸின் அம்மா கரினிடமிருந்து கடிதம். எங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லி எழுதியிருக்கிறாள். தேடிப் போனவர்களுக்கு, அவன் உடம்பைப் போர்த்தி எடுத்து வந்தவர்களுக்கு. 'மாவ்ராம்மா என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வான், நீங்கள்தானா?'

கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

ஜனவரி 7

எங்கள் ருஷ்ய சபைக் கணக்குப்படி இன்றுதான் கிறிஸ்துமஸ். ஊரில் பெரிய நட்சத்திரத்தைக் கையில் சுழற்றிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போவார்கள். எவான் ஃபோனை உயர்த்திப் பிடித்துப் பாட்டைக் கேட்க வைத்தான். அகாஃபியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்ததும் என்னவோ, எனக்கு அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ரேடியோல நான் தூறல் இருக்குன்னு சொன்னேனா?"

மூக்கைச் சுருக்கினாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, தாள் வேண்டும் என்று கையைக் காட்டினாள். வெகுநேரம் எழுதினாள். அந்தத் தாளை இங்கேயே ஒட்டி வைக்கிறேன்.

'நீ பேசல. ஆனா மைக்க அழுத்தியிருந்த. சூப் கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு, நீ மூச்சு விடுறது கேட்டுச்சு. நீல்ஸ் இன்னொரு தடவ கேட்டார். அப்பவும் சூப்தான். அவர் சிரிச்சுட்டார். "உங்கம்மா புருவத்தத் தூக்கிட்டு நிக்கிறாங்க. தூறல் இருக்கு"ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். "இல்லன்னா இன்னேரம் தூறல் இல்ல, வான்னு கத்தியிருப்பாங்க, பேரன் வர்ற நாளாச்சே"ன்னார். உடனே திருப்பிட்டார். அப்பவே கண்ணாடி முழுக்கக் கட்டி ஏறியிருந்துச்சு. எங்களச் சுத்தித்தான் தூறிக்கிட்டிருந்துச்சும்மா. திரும்பினதும் கொஞ்ச நேரத்துல கீழ இறங்க ஆரம்பிச்சுது. குனிஞ்சு பிள்ளையப் பிடிச்சுக்கோன்னார். கடைசி வரைக்கும் குரல் ஒசரவே இல்ல.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. முப்பது மைல் தள்ளி, இரண்டாயிரம் அடி உயரத்தில், மேகத்துக்குள் இருந்துகொண்டு அவன் என் புருவத்தைப் பார்த்திருக்கிறான். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆண்டவரே, இப்படி ஒரு பிள்ளையை எங்களிடம் அனுப்பி, இரண்டே குளிர்காலத்தில் எடுத்துக்கொண்டாய்.

ஆனாலும். நான் வாயைத் திறந்திருந்தால் அவன் இரண்டாவது தடவை கேட்டிருக்க வேண்டாம். அரை நிமிஷம் முன்னால் திரும்பியிருப்பான். அந்த அரை நிமிஷம் என்னுடையது. அதை யார் தலையிலும் போட மாட்டேன்.

ஜனவரி 8

அதிகாரிக்கு ஃபோன் பண்ணினேன். நான் சொன்னது பொய் என்றேன். வாயால் சொல்லவில்லை, புருவத்தைத் தூக்கினேன் என்றேன். அதை எப்படி எழுதிக்கொள்வது என்று கேட்டார். நான் சொன்னபடியே எழுதுங்கள், அவனுக்குப் புரிந்தது என்பதையும் எழுதுங்கள் என்றேன்.

ஜனவரி 9

கரினுக்கும் எழுதிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. அந்த அரை நிமிஷத்தையும். இனி அவள் பாடு.

ஜனவரி 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். விமானத்தில் அகாஃபியா என் கையை விடவில்லை. நானும் விடவில்லை, அது வேறு.

பிப்ரவரி 2

பெயர் வைத்தோம். பிள்ளையின் அப்பா அம்மா இருவரும் சேர்ந்து கேட்டது, ஊரில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எவான் ஆற்றில் பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்து வந்தான். பிள்ளை உதட்டில் ஒரு சொட்டு வைத்து, நீல்ஸ் வந்துவிட்டான் என்று சொன்னோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, வந்துட்டியா, வந்துட்டியா என்று விசாரித்தார்கள். தபால் வாங்க வருகிற கிழவர் ஒருவர், என் சோபா கால் உடைஞ்சிருந்துச்சு, நீதான் உடைச்சே என்று பிள்ளையைத் திட்டினார். வீடே சிரித்தது. விமானி நீல்ஸைத் திட்டுகிற மாதிரியே திட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உண்மையிலேயே வந்துவிட்டான் என்று.

பிப்ரவரி 11

கரினிடமிருந்து பதில் இல்லை.

பிப்ரவரி 20

பதில் வந்தது. ஒரே வரி. 'மார்ச் மாதம் வரலாமா?'

மார்ச் 14

நேற்று கரின் வந்தாள். உயரமானவள், அவனைப் போலவே நடை. நாள் முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை. இன்று காலை பிள்ளையைக் கையில் கொடுத்து, பெயரைச் சொல்லி, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். இவன் நீல்ஸ், அதனால் நீ இவனுக்கு அம்மா. பேச்சு வந்ததும் அப்படித்தான் கூப்பிடுவான், நாங்கள் சொல்லிக் கொடுப்போம். உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்லப் புருவத்தைத் தூக்கினாள். அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

மார்ச் 15

கரின் இன்று கிளம்ப வேண்டும். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பத்து மணிக்குப் புது விமானி ரேடியோவில் கூப்பிட்டான், இன்னும் பெத்தெலிலேயே இருக்கிறேன், அங்கே தூறல் உண்டா என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். துணிக்கம்பியில் மெல்லிசாகத்தான், ஆனால் இருந்தது.

"தூறல் இருக்கு. கம்பியில கட்டி ஏறுது. கிளம்பாதே."

இன்னொரு தடவையும் சொன்னேன். வாயால்.

கரின் பையை உள்ளே எடுத்து வைத்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்குகிறான். சூப் வைக்கப் போகிறேன்.