எங்கள் வீட்டுத் தலைக்கணக்கு

12-5-84, சனி
காலை எட்டுக்கே வெயில். மகள் செல்வி மெட்ராஸ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்துவிட்டாள். மானிடவியல் டிகிரி, முதல் வருஷம் முடிந்தது. அது என்ன படிப்பு என்று எங்கள் பஸ் டிரைவர் கேட்டார். மனிதர்களைப் பற்றியது என்றேன். "அதான் தினம் பஸ்ல பாக்கறமே" என்றார். பத்தாவது ஃபெயில் கண்டக்டர் நான், விசிலை ஊதினேன்.

என் மனைவி பார்வதியின் அண்ணன் டீச்சர் டிரெயினிங்கில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார். செல்வி இதை விட்டுவிட்டு அதில் சேர வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை முடிவு கேட்டு வருவார். எனக்கும் முக்கால்வாசி சம்மதம். அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

13, ஞாயிறு
லீவு. வேலைகள்: 1. தொட்டி கழுவ. 2. செல்வியிடம் பேச. இரண்டும் செய்யவில்லை.

செல்வி பெரிய தாளை விரித்து உட்கார்ந்தாள். காலேஜில் குடும்பப் படம் போட்டுவரச் சொன்னார்களாம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் குறுக்கே கோடு. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்கிறாள். இரண்டு என்றேன், நீயும் தம்பியும்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பார்வதி நிமிரவில்லை.

"மூணு" என்றாள்.

14, திங்கள்
டூட்டியில் மனம் இல்லை. நாளெல்லாம் தலை எண்ணுகிறவன், வீட்டில் ஒன்றை விட்டுவிட்டேன்.

எங்கள் முதல் பெண். பதினோரு நாள் இருந்தது. பெயர் வைக்குமுன் போன குழந்தையை எங்கள் பக்கம் கணக்கில் சேர்ப்பதில்லை, பேசுவதும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நானும் பேசவில்லை. அதுதான் பார்வதிக்கு ஆறுதல் என்று நினைத்திருந்தேன். மடையன்.

மாலை வீடு திரும்பினால், தாளருகே அம்மாவும் மகளும். செல்வியின் வட்டத்துக்கு முன்னால் புதிதாக ஒரு வட்டம், குறுக்கே கோடு. பக்கத்தில் பெயருக்கு இடம்.

"வேணாம்னா எழுதலம்மா."

பார்வதி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "மல்லிகானு எழுது. அப்பவே மனசுல வெச்சுட்டேன்."

எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். முகம் கழுவப் போகிறவன் மாதிரி பின்பக்கம் போய்விட்டேன்.

15, செவ்வாய்
மச்சான் வந்தார். செல்வி அங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என்றால் நிச்சயமான வேலை, ஊரோடு இருப்பாள் என்றார். வாஸ்தவம் என்றேன்.

"அந்தப் படிப்பால இன்னா ஆவப்போவுது, மாப்ளே?"

"எங்க வூட்ல ஆயிடுச்சு, மச்சான்."

புரியாமல் பார்த்தார். பார்வதி அவருக்கு இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தாள். நாளை முதல் டிரிப், செங்கம்.